மிளகுத்தூள் புட்டியும் மாற்றிப் பிடித்த அளவுகோலும்: வாண்டா சைக்ஸின் நகைச்சுவை எழுத்து

2008 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓர் அரை நிமிட விளம்பரம் வந்தது. உணவகத்தில் பதின்வயதுப் பையன்கள் சிலர் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தனக்குப் பிடிக்காத எதையோ ‘கே’ என்று சொல்லித் தள்ளுகிறான். அப்போது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் அந்தச் சொல் ‘மட்டம்’, ‘மடத்தனம்’ என்ற பொருளில் சரளமாகப் புழங்கியது. பக்கத்திலிருந்து ஒரு கறுப்பினப் பெண் அவர்களிடம் வருகிறார். அறிவுரை சொல்லவில்லை; குரலை உயர்த்தவும் இல்லை. மேசைமேல் இருந்த மிளகுத்தூள் புட்டியைக் காட்டி, இது மட்டமாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக, அரும்பு மீசை வைத்த பதினாறு வயதுப் பையன் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னால் எப்படி இருக்கும் என்ற பொருளில் பேசுகிறார். அரும்பு மீசை வைத்திருப்பவன் ‘கே’ என்று சொன்ன அதே பையன். அதுவரை மற்றவர்களை அளந்து கொண்டிருந்தவன், ஒரே வாக்கியத்தில் தானே அளக்கப்படும் பொருளாகிவிடுகிறான்.

அந்தப் பெண் வாண்டா சைக்ஸ். அப்போது அவருக்கு வயது 44. தான் தன்பாலீர்ப்பாளர் என்று அவர் பொதுவெளியில் அறிவித்தது அதற்கு அடுத்த மாதம், நவம்பர் 15 அன்று. இந்தக் கால வரிசை முக்கியமானது. பால்புதுமை (குயர்) கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு: கலைஞர் உண்மையை மறைத்து வாழ்கிறார், ஒருநாள் அறிவிக்கிறார், அன்றோடு கலை விடுதலை பெறுகிறது. சைக்ஸின் வாழ்க்கையையும் இதே வார்ப்பில் ஊற்றுவது சுலபம். ஆனால் அவருடைய படைப்புகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அளக்கிறவனிடமிருந்து அளவுகோலைப் பிடுங்கி அவன் பக்கமே திருப்பும் அந்த உத்தி, அறிவிப்புக்கு முன்பே அவர் கையில் முழுமையாகத் தேர்ந்திருந்தது. அது எழுத்தாளராகப் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற தொழில்நுட்பம். அறிவிப்பு அந்த உத்திக்கு ஒரு புதிய களத்தைத் தந்தது, உத்தியைத் தரவில்லை. சைக்ஸை நடிகையாகவோ அடையாளமாகவோ பார்ப்பதற்கு முன் எழுத்தாளராகப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

அவர் 1964 மார்ச் 7 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர், மேரிலாந்தில் வளர்ந்தார். தந்தை ராணுவத்தில் கர்னலாக இருந்து பென்டகனில் பணியாற்றியவர். தாய் வங்கி ஊழியர். அடிமைமுறை ஒழிந்த சில ஆண்டுகளிலேயே கறுப்பின மக்களின் கல்விக்கென 1868இல் தொடங்கப்பட்ட ஹாம்ப்டன் நிறுவனத்தில் மார்க்கெட்டிங் படித்து 1986இல் பட்டம் பெற்றார். பிறகு தேசியப் பாதுகாப்பு முகமையில் கொள்முதல் பிரிவு வேலை. அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு உளவு நிறுவனம் அது. அங்கே நுழையவே ரகசியக் காப்பு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கும் பாலியல் விருப்பத்துக்கும் நீண்ட, கசப்பான தொடர்பு உண்டு. 1953இல் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணையைக் கொண்டு ஆயிரக்கணக்கான தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பணியிலிருந்து விரட்டப்பட்டார்கள். பாலியல் விருப்பத்தைக் காரணம் காட்டி ரகசியக் காப்பு அனுமதியை மறுக்கக் கூடாது என்று அதிபர் கிளின்டன் ஆணையிட்டது 1995இல்தான். சைக்ஸ் அதற்கு முன்பே, 1992இல், வேலையை விட்டு நியூயார்க் போய்விட்டார். பேசாமலிருப்பது வேலையின் ஒரு நிபந்தனையாகவே இருந்த இடத்தில் தம் இருபதுகளைக் கழித்தவர், பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டார். 1987இல் வாஷிங்டனில் நடந்த ஒரு திறமைப் போட்டிதான் அவருடைய முதல் மேடை. ஐந்து வருடம் பகலில் அலுவலகம், இரவில் மேடை.

நியூயார்க்கில் நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக்கின் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் மேடையேறும் வாய்ப்புக் கிடைத்தது. 1997இல் எச்பிஓவில் ‘தி கிறிஸ் ராக் ஷோ’ தொடங்கியபோது எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். அவ்வப்போது திரையிலும் தோன்றினார். 1999இல் அந்த நிகழ்ச்சியின் எழுத்துக்காகக் குழுவினரோடு எம்மி விருது பெற்றார். இந்தக் காலத்தை அவருடைய வரலாற்றில் ஒரு படிக்கட்டாக மட்டும் கருதிக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் அடித்தளமாகத் தெரிகிறது. இன்னொருவர் வாயில் வைப்பதற்கு ஜோக் எழுதுவது தனி வித்தை. தன் குரல், தன் உடல், தன் முகபாவம் எதுவும் அங்கே கைகொடுக்காது. வாக்கியம் தானாக நிற்க வேண்டும். எந்தச் சொல் எங்கே விழுந்தால் சிரிப்பு வரும், எதை மாற்றினால் செத்துப்போகும் என்பதைப் பொறியாளரைப் போலப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். தன் அனுபவத்தையும் ஜோக்கின் கட்டமைப்பையும் தனித்தனியே கையாளத் தெரிந்தவருக்கே, பின்னால் அனுபவத்தைக் கட்டமைப்புக்குள் வைக்கும்போது அது வெறும் ஒப்புதல் வாக்குமூலமாகச் சரியாமல் இருக்கும்.

இதற்கு நல்ல சான்று 2006இல் வந்த ‘சிக் அண்ட் டயர்ட்’ மேடை நிகழ்ச்சி. அதில் அவர் ஒரு கற்பனையை முன்வைக்கிறார்: பெண்கள் தங்கள் பிறப்புறுப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெளியே போக முடிந்தால் எப்படி இருக்கும்? இருட்டிய பிறகும் ஓடப் போகலாம். யாராவது வழிமறித்தால், அது வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது வன்புணர்ச்சி பற்றிய அச்சம். பெண்கள் அஞ்சி வாழ்வதை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த இயல்பு எத்தனை விபரீதமானது என்பதைக் காட்ட, அதைவிட விபரீதமான ஒரு தீர்வை அவர் நிதானமாக, நடைமுறை விவரங்களோடு விளக்கிக்கொண்டு போகிறார். உடலைக் கழற்றுவது அபத்தம் என்று சிரிக்கிறவர்கள், அப்படிக் கழற்றினால்தான் நிம்மதி என்ற நிலை அதைவிடப் பெரிய அபத்தம் என்பதை உணராமல் சிரிக்க முடியாது. மிளகுத்தூள் புட்டி விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது இது. இங்கும் ஒன்றை மட்டும் இடம் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிடுவதுதான் செய்முறை.

சைக்ஸின் தனித்தன்மை விளங்க அவருடைய முன்னோடி ஒருவரை அருகில் நிறுத்த வேண்டும். மாம்ஸ் மேப்ளி, வட கரோலினாவின் பிரெவர்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். கறுப்பினப் பார்வையாளர்களுக்கான நாடகக் கொட்டகைகளில் தொடங்கி, ஹார்லமின் அப்போலோ அரங்கில் கொடிகட்டிப் பறந்து, 1962இல் கார்னகி ஹால் வரை போனவர். மேடையில் அவர் பல்லில்லாத பாட்டி: தொளதொளத்த வீட்டுச் சட்டை, தலையில் தொப்பி, கிழவர்களைக் கண்டால் வெறுப்பு, இளைஞர்களைக் கண்டால் ஆசை. மேடையை விட்டு இறங்கினால் ஆண் உடையில் கம்பீரமாக இருப்பார். உடன் பணியாற்றியவர்கள் ‘மிஸ்டர் மாம்ஸ்’ என்றே அழைத்ததை நடிகை வூப்பி கோல்ட்பெர்க் 2013இல் எடுத்த ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. இளம்பெண் சொன்னால் பொறுக்காத அரசியலையும் காமத்தையும் பாட்டி சொன்னால் உலகம் பொறுத்துக்கொண்டது. வேடம் அவருக்கு உரிமம். ஆனால் அதே வேடம், இளைஞர்களைத் துரத்தும் கிழவி என்ற அதன் அடிப்படையாலேயே, அவருடைய சொந்தக் காதல்களை மேடைக்கு வெளியே நிறுத்தியது. மேப்ளி இனவெறியின் அளவுகோலைத் திருப்பினார். பாலியலின் அளவுகோலைத் தொட அவருடைய காலம் விடவில்லை. 1975இல் அவர் இறந்தார். 2019இல் ‘தி மார்வெலஸ் மிசஸ் மெய்சல்’ தொடரில் மாம்ஸ் மேப்ளியாக நடித்தவர் வாண்டா சைக்ஸ். எம்மி பரிந்துரையும் கிடைத்தது. அந்த உடைக்குள் அவர் போனபோது அமெரிக்க நகைச்சுவையின் இரண்டு தலைமுறை ஒரே உடலில் நின்றது.

இனி 2008 நவம்பருக்கு வருவோம். நவம்பர் 4 அன்று அதிபர் தேர்தலில் ஒபாமா வென்றார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், கலிபோர்னியா மக்கள் ஏறத்தாழ 52 விழுக்காடு ஆதரவோடு எட்டாம் முன்மொழிவை நிறைவேற்றித் தன்பாலினத் திருமணத்தைத் தடுத்தார்கள். சைக்ஸ் பத்து நாள் முன்புதான், அக்டோபர் 25 அன்று, அந்த மாநிலத்தில் தன் துணைவியை மணந்திருந்தார். தோல்வியின் வலியில் பலர் ஆள் தேடினார்கள். வாக்குச்சாவடிக் கணிப்பு ஒன்று கறுப்பின வாக்காளர்களில் 70 விழுக்காட்டினர் தடையை ஆதரித்ததாகச் சொல்ல, பழி முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. சில மாதங்களில் வந்த விரிவான ஆய்வு அந்த எண்ணை 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கியது. வேறுபாட்டின் பெரும்பகுதியை, அடிக்கடி தேவாலயம் செல்லும் பழக்கமே விளக்கியது. ஆனால் திருத்தம் வருவதற்குள் ‘கறுப்பர்கள்’, ‘தன்பாலீர்ப்பாளர்கள்’ என்ற இரண்டு முகாம்கள் எதிரெதிரே நிற்பது போன்ற சித்திரம் ஊடகங்களில் பரவிவிட்டது. இரண்டுமாக இருக்கிறவர்களுக்கு அந்தச் சித்திரத்தில் இடமே இல்லை. நவம்பர் 15 அன்று லாஸ் வேகஸில் அந்தத் தடைக்கு எதிராக நடந்த பேரணியில் சைக்ஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்றதை இந்தச் சூழலில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தரங்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆசையில் அவர் பேசவில்லை. தம் திருமண வாழ்க்கையை மறைக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியத்தை உணரவும் இல்லை, இப்போது தாக்கப்பட்டுவிட்டோம் என்பதே அவருடைய பேச்சின் சாரம்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் எச்பிஓவில் ஒளிபரப்பான ‘ஐமா பீ மீ’ நிகழ்ச்சியில்தான் பழைய உத்தி புதிய களத்தைச் சந்தித்தது. தன் பெற்றோரை உட்காரவைத்து, தான் ஒரு கறுப்பினப் பெண் என்று ‘வெளிப்படுத்த’ வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவர் நடித்துக் காட்டுகிறார். அம்மா பதறுகிறார், கடவுளைக் கூப்பிடுகிறார். வேறு எதுவாக வேண்டுமானாலும் இரு, கறுப்பாக மட்டும் வேண்டாம் என்கிறார். கறுப்பர்களோடு சேர்ந்து சேர்ந்து உன் புத்தி கெட்டுவிட்டது என்கிறார். கறுப்பின இளைஞர்கள் ஆடிப் பாடும் ‘சோல் ட்ரெய்ன்’ நிகழ்ச்சியைப் பார்க்க விட்டது என் தப்பு என்று தன்னையே நொந்துகொள்கிறார். கடைசியில் விவிலியத்துக்குப் போகிறார்: ஆதாமுக்குக் கடவுள் படைத்தது ஏவாளை, பாடகி மேரி ஜே. பிளைஜை அல்ல. இதில் சைக்ஸ் புதிதாக எழுதியது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அந்த அம்மா சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும், மகனோ மகளோ தன்பாலீர்ப்பைச் சொன்ன வீடுகளில் உண்மையிலேயே ஒலித்த வாக்கியம். சகவாச தோஷம், தொலைக்காட்சியின் கெடுதல், வளர்ப்பில் தவறு, வேதத்தின் தடை என்று அந்த வரிசைகூட மாறவில்லை. பெயர்ச்சொல் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அது மாறியதும், கேட்டுக் கேட்டு மரத்துப்போன அந்த வாக்கியங்கள் திடீரென்று பைத்தியக்காரத்தனமாகக் காதில் விழுகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த அம்மாவே கறுப்பினப் பெண். சைக்ஸ் அவரை வில்லியாக்கவில்லை. பயம், பாசம், பக்தி மூன்றும் கலந்த ஒரு தாயாக, அந்த வீட்டின் பேச்சு நயத்தோடு நடிக்கிறார். அந்த வீட்டை உள்ளிருந்து நேசிக்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது.

இதன்மேல் ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு. இந்தக் காட்சிக்குப் பீடிகையாக சைக்ஸ், கறுப்பராக இருப்பதைவிடத் தன்பாலீர்ப்பாளராக இருப்பது கடினம் என்கிறார். இனத்தையும் பாலியலையும் இப்படித் தராசில் வைப்பது தவறு; மறைக்கவே முடியாத தோல் நிறத்தைச் சுமப்பவர்களுக்குக் காவலரின் துப்பாக்கி எந்த வாக்குமூலத்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை; இரண்டையும் ஒருசேரச் சுமப்பவர்களை இந்த ஒப்பீடு கூறுபோடுகிறது என்பார்கள். அந்த ஒரு வரியைச் சமூகவியல் கூற்றாக எடுத்தால் ஆட்சேபம் முழுக்க நியாயம். வரலாறு அதை ஏற்காது. ஆனால் காட்சி நிரூபிப்பது அந்த வரியை அல்ல, அதைவிடக் குறுகலான, கூர்மையான ஓர் உண்மையை. கறுப்பினக் குழந்தை தெருவில் அவமானப்பட்டு வந்தால், வீட்டில் அம்மாவும் கறுப்பர்தான். மடியில் சாய்ந்து அழலாம். பால்புதுமைக் குழந்தைக்குப் பல சமயம் முதல் அடி வீட்டுக்குள்ளேயே விழுகிறது. சைக்ஸின் பெற்றோர் அவருடைய திருமணத்துக்கு வரவில்லை. சிறிது காலம் உறவு முறிந்திருந்து பிறகு சேர்ந்தார்கள். அவர் எடைபோட்டது இரண்டு ஒடுக்குமுறைகளை அல்ல, இரண்டு வீடுகளை என்று படித்தால் காட்சி உறுதியாக நிற்கிறது.

எந்த உத்தியும் எல்லா நேரமும் கைகொடுப்பதில்லை. 2009 மே 9 அன்று வெள்ளை மாளிகைச் செய்தியாளர் விருந்தின் சிறப்புக் கலைஞராக அவர் மேடையேறினார். அந்த இடத்துக்கு அழைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணும், வெளிப்படையாகத் தன்னை அறிவித்த முதல் பால்புதுமையரும் அவரே. ஒபாமா தோற்க வேண்டும் என்று சொல்லியிருந்த வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவைப் பற்றி, அவருடைய சிறுநீரகம் தோற்கட்டும் என்றார். செப்டம்பர் 11 தாக்குதலோடும் முடிச்சுப் போட்டார். பெரிய சர்ச்சையானது, வெள்ளை மாளிகைப் பேச்சாளரும் விலகிக்கொண்டார். அதை நாகரிகக் குறைவு என்று கண்டித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது கைவினையில் குறைவான ஜோக் என்பேன். அங்கே அளவுகோல் எதுவும் திரும்பவில்லை. ஒரு வெறுப்புக்கு இன்னொரு வெறுப்பு பதிலாக வந்தது, அவ்வளவுதான். ஒப்பிட, 2023இல் வந்த ‘ஐ’ம் அன் என்டர்டெய்னர்’ நிகழ்ச்சியில், பெண் வேடமிடும் ‘டிராக்’ கலைஞர்கள் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பதை எதிர்ப்போரை அவர் எதிர்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். பள்ளிகளில் துப்பாக்கிக்குக் குழந்தைகள் பலியாவதையும் ஒரு கதைப் புத்தகத்தையும் அருகருகே வைத்து, ஆபத்து எது என்ற கேள்வியைக் கேட்டவர்களிடமே திருப்பி அனுப்புகிறார். கோபம் அதே கோபம். எழுத்து பல மடங்கு மேல்.

புகழும் பணமும் சேர்ந்த பிறகு அறிவிப்பதில் என்ன துணிச்சல் என்று கேட்பவர்களும் உண்டு. துணிச்சலை அளப்பது என் வேலையல்ல. ஆனால் ‘பாதுகாப்பான இடம்’ என்ற ஊகம் தவறு. 2018 ஜனவரியில் நடிகை மோனீக், நெட்ஃபிளிக்ஸ் தனக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 5 லட்சம் டாலர் மட்டுமே தர முன்வந்ததைப் பகிரங்கப்படுத்தினார். கிறிஸ் ராக் போன்றவர்களுக்குப் பேசப்பட்ட தொகை 2 கோடி டாலர். உடனே சைக்ஸ், தனக்குச் சொன்னது மோனீக்குக்குச் சொன்னதில் பாதிகூட இல்லை என்று எழுதினார். தன் 2016 நிகழ்ச்சியை எபிக்ஸ் அலைவரிசைக்குக் கொண்டுபோயிருந்தார். 2018 மே 29 அன்று, ‘ரோசான்’ தொடரின் நாயகி, ஒபாமா அரசில் பணியாற்றிய கறுப்பினப் பெண் ஒருவரை இனவெறியோடு இழிவுபடுத்தி ட்வீட் செய்தபோது, அத்தொடரின் ஆலோசனைத் தயாரிப்பாளராகவும் எழுத்தாளராகவும் இருந்த சைக்ஸ் இனி அங்கே திரும்பமாட்டேன் என்று ஒரே வரியில் அறிவித்தார். சில மணி நேரத்தில் ஏபிசி நிறுவனம் தொடரையே ரத்து செய்தது. அன்று அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட நகைச்சுவைத் தொடரின் எழுத்து நாற்காலி அது.

அவர் எழுத்தாளராக முதிர்ந்த இடம் என்று நான் கருதுவது 2021இல் ரெஜினா ஹிக்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ‘தி அப்ஷாஸ்’ தொடர். இண்டியானாபோலிஸில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் பென்னியின் குடும்பம்; அவனோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கும் மைத்துனி லுக்ரீஷியா. லுக்ரீஷியாவாக நடிப்பவர் சைக்ஸ். இந்தப் பாத்திரத்தை அவர் தன்பாலீர்ப்பாளராக எழுதவில்லை. அந்தக் கதையை பென்னியின் மூத்த மகனுக்குக் கொடுத்திருக்கிறார்; பட்டறையில் கை கறுத்த ஒரு தகப்பன் முன்னால் மகன் தன்னைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009இல் மேடையில் தனியாளாக அம்மாவும் மகளுமாக மாறி மாறி நடித்ததை, பன்னிரண்டு ஆண்டு கழித்து வேறொரு வீட்டுக்கு, வேறு இரண்டு உடல்களுக்கு அவர் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிறிஸ் ராக்குக்காக எழுதியபோது கற்ற அதே பாடம்: வாக்கியம் தன்னைவிட்டுப் போய், இன்னொருவர் வாயில் உயிரோடு இருக்க வேண்டும். தன் வாழ்க்கையின் மிகக் கனமான காட்சியை இன்னொருவருக்குத் தந்துவிட்டு, பக்கத்தில் நின்று மைத்துனியாகச் சண்டை போட ஒப்புக்கொள்வது எழுத்தாளரின் மனம். நட்சத்திரத்தின் மனம் அல்ல.

வாண்டா சைக்ஸை அறிய விரும்பும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ‘முதல் கறுப்பினப் பெண்’, ‘முதல் பால்புதுமையர்’ என்ற பட்டியல்களிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் மிளகுத்தூள் புட்டி விளம்பரம், பிறகு 2006இல் உடலைக் கழற்றி வைக்கும் காட்சி, அதன்பின் 2009இல் அம்மாவிடம் கறுப்பென்று சொல்லும் காட்சி. மூன்றையும் ஒரே அமர்வில் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது ஒலியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, எந்தச் சொல் மாற்றப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.